ஆர்.வி. சீட் பெல்ட் தகராறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்துவிட்டால் ஒரு ஆர்.வி.யை, அதாவது உள்ளே வீடு போலக் கட்டிய மோட்டார் ஹோமை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு யோசெமிட்டிக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ கிளம்பிவிடுவது அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் பழகிப்போன விஷயம். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் கூடவே வரும். வண்டியை ஒப்படைக்கும்போது ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, புரொபேன் எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் காட்டிக்கொடுப்பார்கள். நான் எடுத்த எந்த வண்டியிலும் சீட் பெல்ட்டை யாரும் காட்டியதில்லை.

சில வருடம் வாடகைக்கு எடுத்துவிட்டுப் பிறகு ஃபோர்டு இ-450 சேஸியில் (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) கட்டிய பழைய கிளாஸ் சி வண்டி (ஓட்டுநர் கேபினுக்கு மேலேயும் கட்டில் உள்ள வகை) ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். ஒவ்வொரு வசந்தகாலத்திலும் வண்டியை வெளியே எடுக்கும்போது முதல் நாள் வேலை பெல்ட்கள்தான். நண்பர்கள் கேம்ப்கிரவுண்டிலிருந்து போன் செய்து கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றியே. அந்தக் கேள்விகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.வி. என்பது இரண்டு பேர் கட்டிய வண்டி. ஓட்டுநர் இருக்கும் முன்பகுதி கார் கம்பெனி செய்தது. அங்கே உள்ள பெல்ட் காரில் இருப்பது போலவே இருக்கும். பின்னால் உள்ள வீட்டுப் பகுதியை வேறொரு கம்பெனி மரமும் தகடும் வைத்துக் கட்டியிருக்கிறது. சாப்பாட்டு மேசை பெஞ்ச், சோஃபா இவற்றின் பெல்ட்கள் அவர்கள் பொருத்தியவை. தகராறில் பெரும்பகுதி அங்கேதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் வண்டி மோதி நிற்பது, பெல்ட் போடாதவருக்குச் சுமார் 12 மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வண்டி பெரிது என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

ஆட்களை எண்ணினால் பெல்ட் போதவில்லை

இது கோளாறு இல்லை, ஆனால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். விளம்பரத்தில் "8 பேர் தூங்கலாம்" என்று இருக்கும். தூங்கும் கணக்கு வேறு, பயணக் கணக்கு வேறு.

நாங்கள் முதன்முதலில் வாடகைக்கு எடுத்தபோது ஏழு பேர். கவுண்டரில் "எட்டுப் பேர் வரைக்கும் பிரச்சினையே இல்லை" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தால் முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, ஆக ஐந்து பெல்ட்தான். நல்லவேளை, கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை. மச்சான் தன் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். இரண்டு வண்டியாகப் போனதில் செலவு கூடியது. ஆனால் கேபினுக்கு மேலே இருக்கும் கட்டிலில் பிள்ளைகளைப் படுக்கவைத்து ஓட்டும் நிலை வரவில்லை. அந்தக் கட்டில் வண்டி நின்ற பிறகு படுப்பதற்கு மட்டுமே.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம்: ஏறி இறங்கும் பக்கக் கதவின் உட்புறம். அங்கே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்பதோடு, பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை என்பதும் அதில் அச்சிட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் என்ன எடை என்பதும் அதிலேயே இருக்கும். அந்த எண்ணிக்கைதான் உங்கள் பயணிகளின் எண்ணிக்கை. ஒரு பெல்ட்டுக்கு ஒருவர். மடியில் குழந்தையை வைத்துச் சேர்த்துக் கட்டினால், மோதலில் பெரியவரின் எடை முழுவதும் குழந்தை மேல் விழும்.

பெல்ட் இருக்கிறது என்கிறார்கள், கண்ணில் படவில்லை

மேசையைக் கட்டிலாக்கி, கட்டிலை மறுபடி மேசையாக்கும்போது பெல்ட் மெத்தைக்கு அடியில் போய்விடும். பெஞ்சின் இருக்கை மெத்தையையும் சாய்வு மெத்தையையும் கழற்றி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள பிளவில் கைவிட்டுத் துழாவுங்கள். சில வண்டிகளில் பெஞ்சுக்கு அடியில் உள்ள சாமான் அறைக்குள் விழுந்து கிடக்கும்.

இரண்டு பாதியும் கிடைத்ததா என்று பாருங்கள். நாக்கு (செருகும் உலோகத் தகடு) மட்டும் கிடைத்துப் பக்கிள் (அதைப் பூட்டும் பெட்டி) இல்லையென்றால் அது பெல்ட் ஆகாது. பக்கத்துப் பெல்ட்டின் பக்கிளில் இது பொருந்துகிறது என்பதற்காக மாற்றி மாட்டவும் கூடாது. பொருந்துவதுபோல் தெரிந்து, இழுவிசையில் நழுவும். ஜோடி ஜோடியாக மாட்டிப் பார்த்து, ஜோடிக்கு ஒரே நிறத் துணி நாடாவை மெத்தையின் ஓரத்தில் கட்டிவிடுங்கள். எங்கள் வண்டியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று இருக்கிறது. பிள்ளைகள் அவரவர் நிறத்தைத் தேடி உட்கார்ந்துவிடுவார்கள்.

இழுத்தால் பெல்ட் வரவே இல்லை

கேம்ப்கிரவுண்டிலிருந்து அதிகம் வரும் போன் இதுதான். பெரும்பாலும் பெல்ட் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்.

பெல்ட் சுருண்டு கிடக்கும் பெட்டிக்குள், அதாவது ரிட்ராக்டருக்குள், ஒரு சிறு உலோகக் குண்டோ ஊசலோ இருக்கிறது. வண்டி திடீரென வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ அது நகர்ந்து ஒரு பல்லைத் தள்ளும். பல் சக்கரத்தில் மாட்டி, பெல்ட் பூட்டிக்கொள்ளும். சுமார் 15 டிகிரி சாய்வு வரை பூட்டக்கூடாது என்பது அமெரிக்க விதி. சாதாரண ரோட்டுச் சரிவு அந்த அளவுக்கு வராது. ஆனால் மண் தரையில் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்திலும் மறுபக்கம் மேட்டிலும் நின்று, அதோடு தரையும் சரிவாக இருந்தால் வந்துவிடும்.

ஆகவே முதலில் வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்திவிட்டுப் பாருங்கள். அங்கேயும் வரவில்லையென்றால், பெல்ட்டை உள்ளே ஒரு அங்குலம் போகவிட்டு மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். சுருள் இறுகிப்போயிருந்தால் பெல்ட்டைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துச் சட்டென்று விடுங்கள். அந்தத் துள்ளலில் பல் விலகிவிடும்.

பெல்ட் உள்ளே போகும்போது கிளிக், கிளிக் என்று சத்தம் கேட்டு, வெளியே மட்டும் வரவில்லை என்றால் வேறு காரணம். பயணி இருக்கைப் பெல்ட்களில் பலவற்றை முழுவதுமாகக் கடைசிவரை இழுத்தால், குழந்தை சீட்டை இறுக்கிக் கட்டுவதற்கான நிலைக்கு மாறிவிடும். அதன்பிறகு உள்ளே போகுமே தவிர வெளியே வராது. யாரோ சாமானை எடுக்கக் குனிந்து முழு நீளமும் இழுத்திருப்பார்கள். பக்கிளைக் கழற்றி, பெல்ட்டை முழுவதுமாகச் சுருளவிடுங்கள். மறுபடி இழுத்தால் இயல்பாக வரும்.

சமதளத்தில் நின்றும், இவ்வளவும் செய்தும் அந்த ஒரு பெல்ட் மட்டும் எப்போதும் பூட்டியே இருந்தால், ரிட்ராக்டர் இருக்கும் கோணத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் குண்டுக்கு நேர், சாய்வு தெரிய வேண்டும். அதனால் அந்தப் பெட்டி எந்தக் கோணத்தில் வடிவமைக்கப்பட்டதோ அதே கோணத்தில்தான் நிற்க வேண்டும். பெஞ்சுக்கு அடியில் போல்ட் தளர்ந்து பெட்டி திரும்பியிருந்தாலோ, மெத்தை உறை மாற்றியவர் கழற்றிக் கோணலாக மாட்டியிருந்தாலோ, வண்டி நேராக நிற்கும்போதே அது கவிழ்ந்துவிட்டது என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். கோணல் கண்ணுக்குத் தெரிந்தால் நீங்களே திருப்பி முறுக்க வேண்டாம். போல்ட் ஏன் தளர்ந்தது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முன் இருக்கை சுழலும் வகையாக இருந்தால் இன்னொன்று: இரவில் பின்பக்கம் திருப்பி உட்கார்ந்துவிட்டுக் காலையில் முன்னே திருப்பும்போது பூட்டு முழுவதுமாக விழாமல் இருக்கலாம். இருக்கையை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த இருக்கையில் யாரும் உட்காரக்கூடாது, பெல்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

வெடுக்கென்று இழுத்தும் பூட்டவில்லை

எல்லா ரிட்ராக்டரும் கை இழுப்பை உணர்வதில்லை. சிலவற்றுக்கு வண்டியின் வேகக் குறைவு மட்டுமே தெரியும். எனவே இதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம்; வண்டிக் கையேட்டில் அந்தப் பெல்ட்டுக்கு என்ன சோதனை சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். வலது இருக்கை பூட்டி, அதே வகை இடது இருக்கை பூட்டவில்லையென்றால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

பெல்ட் உள்ளே போகாமல் தொங்குகிறது

அழுக்குதான் முதல் காரணம். வியர்வை, சன்ஸ்கிரீன், பிள்ளைகள் கையில் இருந்த ஜாம் எல்லாம் பட்டையில் ஊறி, தோளுக்கு மேலே உள்ள வளையத்தில் கறுப்பாகப் படிந்துவிடும். பட்டை அங்கே உராய்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் சுருள்வில்லுக்கு அதை இழுக்கத் தெம்பு போதாது.

பெல்ட்டை முழுவதும் இழுத்து, அது சுருண்டு போகாதபடி ரிட்ராக்டர் வாயருகே துணி கிளிப் ஒன்றைப் போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புக் கரைசல், மென்மையான பிரஷ். இழை ஓடும் திசையிலேயே தேய்த்து, ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிடுங்கள். வளையத்தையும் அதே துணியால் துடையுங்கள். பிறகு நிழலில் முழுவதும் காயவிடுங்கள், குறைந்தது ஒரு இரவு. ஈரத்தோடு சுருளவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், உலோகம் துருப்பிடிக்கும். கடைசியில் மறக்காமல் கிளிப்பை எடுங்கள்.

பிளீச் வேண்டாம், சாயம் வேண்டாம். இரண்டும் இழையின் பலத்தைக் குறைக்கும். வழுக்கட்டும் என்று பட்டையில் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு தூசியை இழுத்து, சில வாரத்தில் முன்னைவிட மோசமாகும். கழுவிய பிறகும் தொங்கினால் சுருள்வில் தளர்ந்துவிட்டது. ரிட்ராக்டரைத் திறக்கவே கூடாது. உள்ளே வில் இறுகிய நிலையில் இருக்கிறது. முன் இருக்கை என்றால் வெடிமருந்தில் இயங்கி, மோதலில் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் பிரீடென்ஷனரும் சேர்ந்திருக்கலாம். முழுத் தொகுப்பாக மாற்றுவதுதான் வழி.

பெல்ட் முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆகிவிட்டது

அகலப் பட்டை விசையை மார்பு, இடுப்பு முழுவதும் பரப்புகிறது. முறுக்கினால் அதே விசை ஒரு கோட்டில் இறங்கும், கத்திபோல. சரிசெய்வது எளிது. முறுக்கு இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே பட்டையைக் குறுக்காக, முக்கோணமாக வரும்படி மடியுங்கள். அந்த மடிப்பை நாக்கின் துளை வழியாக மெல்லத் தள்ளி, மறுபக்கம் வந்ததும் பிரித்துவிடுங்கள். முறுக்கு நாக்கைத் தாண்டிப் போய்விடும். முதல்முறை கொஞ்சம் பொறுமை வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தி நுழைக்காதீர்கள், இழை அறுந்துவிடும்.

இடுப்புப் பெல்ட்டை இறுக்கினாலும் தளர்ந்துபோகிறது

பெஞ்சில் உள்ளவை பல ரிட்ராக்டர் இல்லாத கைப் பெல்ட்கள். நாக்கில் உள்ள குறுக்குக் கம்பியில் பட்டை சுற்றிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். நீளம் கூட்ட வேண்டுமென்றால் நாக்கைப் பட்டைக்குச் செங்குத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். குறைக்க, தொங்கும் நுனியை இழுத்தால் போதும். இறுக்கிய பின் நழுவினால், யாரோ பட்டையைக் கழற்றித் தப்பாகக் கோத்திருப்பார்கள் அல்லது கம்பியின் சொரசொரப்பு தேய்ந்திருக்கும். பக்கத்தில் நன்றாகப் பிடிக்கும் பெல்ட்டைப் பார்த்து ஒப்பிடுங்கள். கோத்த விதம் ஒன்றாக இருந்தும் நழுவினால் மாற்ற வேண்டியதுதான். முடிச்சுப் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

பக்கிளில் "டிக்" என்று விழவில்லை, அல்லது விழுந்தால் கழலவில்லை

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் பக்கிள் என்பதை நினைத்துப் பாருங்கள். முறுக்குத் துண்டு, சாதப் பருக்கை, சில்லறைக் காசு எல்லாம் உள்ளே போகும். டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கிளைத் தலைகீழாகப் பிடித்து, சிவப்புப் பொத்தானை அமுக்கியபடி தட்டுங்கள். பிறகு வேக்குவம். நாக்கைப் பத்துமுறை செருகிக் கழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் டிக் சத்தம் வர வேண்டும், இழுத்தால் அசையக்கூடாது, அமுக்கினால் தானாகத் துள்ளி வெளியே வர வேண்டும். பத்தில் ஒருமுறை தவறினாலும் அந்த இருக்கையைப் பயன்படுத்தாதீர்கள். சர்க்கரைப் பானம் கொட்டி ஒட்டிக்கொண்ட பக்கிளுக்கு எண்ணெய் விட்டால் அன்றைக்கு வேலை செய்யும். பிறகு அந்த எண்ணெயில் தூசி சேர்ந்து, பாதி மாட்டிய நிலையில் நிற்கும். மாட்டியதுபோலத் தெரிந்து மாட்டாமல் இருப்பதுதான் பக்கிளில் வரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து.

சிவப்புப் பொத்தானில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1995-இல் அமெரிக்காவில் தகாதா நிறுவனத்தின் பெல்ட்கள் இருந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பொத்தானின் பிளாஸ்டிக் காலப்போக்கில் நொறுங்கி, துண்டுகள் பக்கிளுக்குள் விழுந்ததுதான் காரணம். ஆர்.வி. வருடத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கிற வண்டி. ஜன்னலோரப் பக்கிள்களுக்கு இந்தச் சோதனை அவசியம். நிறுத்தி வைக்கும் மாதங்களில் திரையை இழுத்துவிடுங்கள்.

பட்டை நைந்திருக்கிறது, வெளுத்திருக்கிறது, கடித்த தடம்

முழு நீளத்தையும் வெளியே இழுத்து, இரு ஓரங்களையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். நூல் பிரிந்து மயிர்போல் எழும்பியிருப்பது, வெட்டு, அடுப்புச் சூட்டில் உருகிய பளபளப்பு, சில இடத்தில் மட்டும் விறைப்பு, தையலில் பிரிவு: இவற்றில் எது இருந்தாலும் மாற்றவும். குளிர்காலத்தில் நிறுத்தி வைத்த வண்டிக்குள் எலி வரும். மெத்தைக்குள் கூடு கட்டுவதற்குப் பெல்ட் இழையைக் கடித்து எடுக்கும். எங்கள் சோஃபா பெல்ட்டில் நான் கண்டது விரல் நகம் அளவு கடிதான். தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துவிடலாமே என்று மாமனார் சொன்னார். பட்டையின் பலம் அதன் ஒவ்வொரு நெடுக்கு இழையிலும் இருக்கிறது. அறுந்த இழையைத் தையல் திருப்பிக் கொண்டுவராது. மாற்றினோம்.

பெல்ட்டின் அடிநுனிக்கு அருகே ஒரு லேபிள் இருக்கும்: தயாரித்தவர் பெயர், மாடல், தயாரித்த ஆண்டு. புதியது வாங்க அந்த லேபிளின் புகைப்படம் போதும்.

பெஞ்ச் ஆடுகிறது, அல்லது பெல்ட்டை இழுத்தால் கூடவே எதுவோ அசைகிறது

இந்த ஒரு பகுதியையாவது நிதானமாகப் படியுங்கள். பெல்ட் என்றால் நம் கண்ணுக்குத் தெரியும் பட்டை மட்டும் இல்லை. பட்டை, பக்கிள், போல்ட், போல்ட் இறங்கும் சட்டம், சட்டம் போய்ச் சேரும் வண்டியின் எஃகு எல்லாமே பெல்ட். இதில் எது மரமோ அதுவரைக்கும்தான் அதன் பலம்.

இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள இருக்கையின் ஆங்கர் (பெல்ட் வண்டியோடு பிணையும் இடம்) 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி 210. தோள் பட்டையும் உள்ளதென்றால் இடுப்புக்கும் தோளுக்கும் தலா 3,000 பவுண்டு. அரை அங்குல பிளைவுட்டில் மர ஆணியால் அடித்த பெஞ்ச் இதில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது.

மெத்தையை எடுத்து, பெஞ்சின் மூடியைத் திறந்து டார்ச்சோடு உள்ளே பாருங்கள். பெல்ட் போல்ட் எங்கே இறங்குகிறது என்று கண்ணால் தொடர்ந்து போங்கள். எஃகுச் சட்டத்தில் இறங்கி, அந்தச் சட்டம் தரையைத் துளைத்து வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட் செய்யப்பட்டிருந்தால் நல்லது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் மறுமுனை நட்டும் கனமான தகடும் தெரிய வேண்டும். போல்ட் பெஞ்சின் பலகையிலேயே முடிந்துவிட்டால், அந்த இருக்கையில் வண்டி ஓடும்போது யாரையும் உட்காரவைக்காதீர்கள். வாங்கிய வண்டியாகவே இருந்தாலும், பெல்ட் தொங்கிக்கொண்டே இருந்தாலும்.

போல்ட்டைச் சுற்றித் துரு, தரைப் பலகையில் கறை, காலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்குவது மூன்றும் தண்ணீர் இறங்கியதற்கு அடையாளம். ஆர்.வி.யில் கூரை ஒழுகும், ஜன்னல் ஓரம் ஒழுகும்; தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி முதலில் பாழாக்குவது தரைப் பலகையை. மேலே இறுக்கி இறுக்கிப் பார்த்தாலும் அழுகிய மரத்தில் பிடிமானம் இருக்காது. அதனால்தான் போல்ட் தளர்ந்தால் இறுக்கிவிட்டுப் போகாமல் ஏன் தளர்ந்தது என்று பார்க்கச் சொன்னேன்.

பெல்ட்டுக்கு வரும் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலத் தடிமனில், நுண்ணிய மரையோடு, கடினப்படுத்திய எஃகில் இருக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் உருவத்தில் அதைப்போலவே இருக்கும், தாங்காது. இந்த வேலையை வண்டி கட்டிய கம்பெனியின் உதிரிபாகத்தோடு, வெல்டிங்கும் சட்டமும் தெரிந்த ஆர்.வி. பட்டறையில் செய்துகொள்ளுங்கள். வீட்டில் செய்யும் வேலை இல்லை.

இடுப்புப் பெல்ட் வயிற்றுக்கு ஏறுகிறது

"ஏம்ப்பா, இது வயித்தப் பிசையுது, கழட்டிடட்டா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டபோதுதான் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். சேலைக் கொசுவம் முன்னால் மொத்தமாக நின்று, பட்டை அதற்கு மேலே, தொப்புள் அருகே இருந்தது. அங்கே எலும்பு இல்லை. மோதலில் பட்டை குடலையும் ஈரலையும் அமுக்கும். உடல் பட்டைக்கு அடியில் வழுக்கி இறங்கும்.

பட்டை இருக்க வேண்டிய இடம் இடுப்பெலும்பு, தொடை தொடங்கும் மடிப்புக்குச் சற்று மேலே. 1959-இல் வால்வோ காருக்கு மூன்றுமுனைப் பெல்ட்டை வடிவமைத்த நீல்ஸ் போலின், அதற்குமுன் சாப் நிறுவனத்தில் விமானங்களுக்கு வெளியேற்று இருக்கை செய்தவர். இரண்டு பட்டைகளும் இடுப்பின் பக்கத்தில், தாழ்வாக, ஒரே இடத்தில் சேரும்படி அவர் வைத்தது பெல்ட் அசையாமல் எலும்பின் மேலேயே நிற்பதற்காக.

சேலை கட்டியவர் இருக்கையில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கொசுவத்தைக் கால்களுக்கு நடுவே கீழே விட்டு, வயிற்று மடிப்புக்கு அடியில் பட்டையைத் தள்ளி, பிறகு இறுக்க வேண்டும். கொசுவத்தில் குத்திய ஊக்கு பட்டைக்கு அடியில் வரக்கூடாது. முந்தானையைத் தோள் பட்டைக்கு மேலே எடுத்து விடுங்கள். அம்மா இப்போது பயண நாட்களில் சுடிதார்தான். அது இன்னும் எளிது. கர்ப்பிணிகளும் வயிற்றுக்கு அடியில்தான் போட வேண்டும்.

இப்படிச் செய்தும் பட்டை ஏறினால் மெத்தையைப் பாருங்கள். சொகுசுக்காக நான்கு அங்குல ஃபோம் மாற்றிப் போட்டிருந்தால் ஆள் மேலே உயர்ந்து, பக்கிள் கீழே புதைந்து, கோணமே மாறிவிடும். பழைய மெத்தையைத் திரும்பப் போடுங்கள். சாய்ந்து படுத்தபடி பெல்ட் போடுவதிலும் இதே வழுக்கல்தான்.

பக்கவாட்டில் பார்த்திருக்கும் சோஃபாவில் எந்தப் பெல்ட்டும் சரியாக அமையாது. மோதலில் உடல் முன்னோக்கிப் போகும். சோஃபாவில் உட்கார்ந்தவருக்கு முன்பக்கம் என்பது அவருடைய தோள்பக்கம். இடுப்பு நின்றுவிடும், மேல்பாதி பக்கவாட்டில் மடியும். இருக்கை வலிமைக்கான அமெரிக்க விதி 207-இன் பொதுச் சோதனைகளும் பக்கவாட்டு இருக்கைகளுக்குக் கிடையாது. வண்டி ஓடும்போது எங்கள் சோஃபா காலியாகவே இருக்கும்.

குழந்தை சீட் ஆடுகிறது

முன்னோக்கிய இருக்கையில் மட்டுமே மாட்டுங்கள். பக்கவாட்டு சோஃபாவிலும், பின்னோக்கிய பெஞ்சிலும் எந்தக் குழந்தை சீட்டும் கூடாது. குழந்தை சீட்டை மாட்டக் காரில் நாம் பழகிய கொக்கிகள் பெரும்பாலான ஆர்.வி.யில் இருக்காது, 2002 செப்டம்பரிலிருந்து கட்டாயமான அந்த விதி 8,500 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். எங்கள் இ-450 சேஸியின் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு. ஆகவே பெல்ட்டால்தான் கட்ட வேண்டும்.

முழங்காலால் சீட்டை அமுக்கிக்கொண்டு பட்டையை இறுக்குங்கள். பட்டை போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. பூஸ்டருக்கு, அதாவது பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்டுக்கு, தோள் பட்டை கட்டாயம் வேண்டும். இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள பெஞ்சில் பூஸ்டரில் உட்காரும் பிள்ளைக்கு இடமே இல்லை. அந்தப் பிள்ளையின் எடை அனுமதித்தால் ஐந்துமுனைப் பட்டை உள்ள சீட்டுக்குத் திரும்புங்கள். முன் இருக்கையில் ஏர்பேக் இருந்தால் பின்னோக்கிய குழந்தை சீட்டை அங்கே வைக்கவே கூடாது. இவ்வளவும் சேர்ந்து உங்களுக்குச் சரிப்படவில்லையென்றால், பிள்ளைகள் பின்னால் வரும் காரில் வரட்டும். நாங்கள் மூன்று வருடம் அப்படித்தான் போனோம்.

பெல்ட் போட்டும் விளக்கு அணையவில்லை, பீப் நிற்கவில்லை

பக்கத்து இருக்கையில் மளிகைப் பையோ தண்ணீர்க் கேனோ இருக்கிறதா? எடுத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சுழலும் இருக்கையின் அடியில் ஒயர் நசுங்கியிருக்கலாம். பார்க்கலாம், தொடக்கூடாது, குறிப்பாக மஞ்சள் நிறக் கனெக்டரை. அது ஏர்பேக், பிரீடென்ஷனர் இணைப்பு. ஏர்பேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் டீலரிடம் போங்கள்.

ஒரு பக்கிள் மட்டும் தாழ்ந்து நிற்கிறது

பழைய வண்டி வாங்கும்போது பாருங்கள். இரண்டு முன் இருக்கைகளில் ஒன்றின் பக்கிள் சில அங்குலம் கீழே இறங்கி, அதன் ரப்பர் உறை மடிந்திருந்தால் பிரீடென்ஷனர் ஏற்கெனவே வெடித்துவிட்டது. வண்டி ஒரு விபத்தைப் பார்த்திருக்கிறது. சில பழைய பெல்ட்களில் பட்டையை மடித்துத் தைத்திருப்பார்கள். பெரும் இழுவையில் அந்தத் தையல் பிரிந்து, உள்ளே மறைந்திருந்த "மாற்றவும்" என்ற லேபிள் வெளியே தெரியும். பலத்த விபத்தில் பூட்டிய பெல்ட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், பக்கிளோடு சேர்த்து மாற்றுங்கள்.

வாங்குவதற்கு முன் ரீகால், அதாவது கோளாறுக்காகக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்த அறிவிப்பு, இருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டால் வரும். ஆனால் அங்கே நின்றுவிடாதீர்கள். சேஸி செய்தவர் ஒருவர், வீடு கட்டியவர் இன்னொருவர் என்பதால் ரீகாலும் இரண்டு இடத்திலிருந்து வரலாம். ஃபோர்டு போன்ற சேஸி கம்பெனியின் பெயரில் ஒருமுறை, வண்டி கட்டிய கம்பெனியின் பெயர், மாடல், ஆண்டைப் போட்டு இன்னொருமுறை தேடுங்கள். பெஞ்ச், சோஃபா பெல்ட் பற்றிய அறிவிப்பு இருந்தால் அந்த இரண்டாவது தேடலில்தான் வரும். பொதுவாக ரீகால் வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள். வாடகை வண்டி என்றால் முன்பதிவு செய்யும்போதே வின் எண்ணைக் கேட்டு வாங்கி, இந்தத் தேடலை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம்.